பதனும் தோலும்: வீட்டளவில் தோல் பதனிடுதல் குறித்த எழுத்துகள் – ஒரு விமரிசன வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகச் சிற்றூர்களில் வீட்டளவில் நடைபெற்ற தோல் பதனிடும் தொழிலைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதனைச் சாதியின் அடையாளமாகவோ வேதியியல் நிகழ்வாகவோ காண்கின்றன. அத்தொழிலின் உள்ளீடாக விளங்கிய ‘பதம்’ அறியும் திறன் இவ்விரு பார்வைகளுக்கும் இடையே நழுவிவிட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து. புறநானூற்றின் 82, 288ஆம் பாடல்கள், குடியேற்றக் காலப் பதிவுகள், காந்தி, அம்பேத்கர் ஆகியோரின் நிலைப்பாடுகள், டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் ஆகியன இந்நோக்கில் வாசிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பதம், பச்சைத்தோல், ஆவாரம்பட்டை, போழ், கமலை, பறை

சொல்லும் செயலும்

‘பதனிடுதல்’ என்னும் சொல்லில் உள்ள பதன், பதம் என்பதன் கடைப்போலி. அறம் அறன் எனவும், நலம் நலன் எனவும் வருவதை ஒத்தது இது. சோற்றுக்குப் பதம் உண்டு. பாகுக்குப் பதம் உண்டு. உழவுக்கு ஈரப்பதம் உண்டு. ஒரு பொருள் தனக்கு வேண்டிய நிலையை எட்டியதைக் கண்ணாலும் கையாலும் அறிந்து, அந்த நொடியில் அதனை நிறுத்துவதே இச்சொல்லின் உட்பொருள். இதே தொழிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டேனிங்’ என்னும் சொல், இடித்த ஓக் மரப்பட்டையைக் குறித்த இடைக்கால இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பட்டையிலுள்ள வேதிப்பொருளான ‘டேனின்’ என்பதும் அவ்வழிப் பிறந்ததே. ஒரு மொழி பயன்படும் பொருளைக் கொண்டு தொழிலுக்குப் பெயரிட்டது. மற்றொரு மொழி எட்டவேண்டிய நிலையைக் கொண்டு பெயரிட்டது. சொற்பிறப்பை வைத்துப் பண்பாட்டுப் பெருமை பேசுவது எளிது; அது இங்கு நோக்கமன்று. தொழிலைப் பற்றி எழுதியோர் கவனிக்கத் தவறிய ஒன்றைத் தொழிலின் பெயரே சொல்லிக்கொண்டிருந்தது என்பதே சுட்டத்தக்கது.

செயலைச் சற்று விரிவாகக் காண்பது தேவை; ஏனெனில் இத்துறைக் கட்டுரைகள் பலவும் ‘தோலைப் பதப்படுத்தி’ என்ற ஒரு வினையெச்சத்தில் அதனைக் கடந்துவிடுகின்றன. உரித்த தோல் வெயிற்காலத்தில் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். உப்பிட்டோ உலர்த்தியோ அதனைத் தடுப்பர். பின்னர் நீரில் ஊறவைத்து மென்மையாக்கிச் சுண்ணாம்புப் பாலில் இடுவர். சுண்ணாம்பு மயிர்க்கால்களைத் தளர்த்தும். கட்டைவிரலால் தள்ளினால் மயிர் வழுக்கிக்கொண்டு வருமாயின் தோல் எடுக்கும் பதத்தில் உள்ளது. அதற்கு மேலும் சுண்ணாம்பில் கிடந்தால் மயிரைத் தளர்த்திய காரமே தோலின் நாரையும் தளர்த்திவிடும். இறுதியில் கிடைப்பது தொய்ந்த, வலுவற்ற தோல். மழுங்கிய கத்தியால் மயிரையும் உட்புறத்து ஊனையும் வழித்தெடுத்து, சுண்ணாம்பு நீங்கக் கழுவி, தவிட்டுப் புளிப்புநீர் முதலியவற்றில் இட்டு, அதன்பின் பட்டைச்சாற்றுக்குக் கொண்டுசெல்வர்.

பட்டைச்சாற்றில்தான் தொழிலின் நுட்பம் மிகுதி. ஆவாரம்பட்டையில் துவர்ப்பொருள் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு உண்டு. கொன்றைப்பட்டை, கருவேலம்பட்டை, கடுக்காய் ஆகியனவும் பயன்பட்டன. தொடக்கத்திலேயே அடர்ந்த சாற்றில் தோலை இட்டால் வெளிப்புறம் விரைந்து இறுகி மூடிக்கொள்ளும். சாறு உள்ளே செல்லாது. நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். ஆகவே பழகி நீர்த்த சாற்றில் தொடங்கி, படிப்படியாக அடர்ந்த சாற்றுக்கு மாற்றவேண்டும். ஆட்டுத்தோலுக்குச் சில வாரங்களும், தடித்த மாட்டுத்தோலுக்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். முடிந்ததா என அறிய, தடித்த விளிம்பில் சிறிது அறுத்து வெட்டுமுகத்தைப் பார்ப்பர். நடுவே வெளிறிய கோடு தெரிந்தால் தோல் இன்னும் வேகவில்லை. இறுதியில் ஈரம் முற்றும் போகுமுன் புங்க எண்ணெய் முதலியன தேய்க்கப்படும். நீர் வெளியேறும் வழியில் எண்ணெய் உட்புகும்.

கட்டைவிரல், வெட்டுமுகம், ஈரத்தின் அளவு என இங்கே ஒவ்வொரு படியிலும் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. அதனை வழங்குபவர் வேலையைச் செய்பவரே. நாள்கணக்கு உதவும், ஆனால் மழைக்காலத்து நான்கு நாளும் கோடைகாலத்து நான்கு நாளும் ஒன்றல்ல.

மற்றொரு வேறுபாட்டையும் இங்கேயே குறிப்பிடவேண்டும். ஊரின் எல்லாத் தோற்பொருள்களும் பதனிட்ட தோலால் ஆனவையல்ல. கமலையில் நீர் இறைக்கும் தோற்பை எப்போதும் நனைந்தே இருப்பது. பச்சைத்தோல் அதில் நில்லாது, அழுகிவிடும். பறைக்கும் முரசுக்கும் வேண்டுவதோ துவர்ப்பேறாத தோல். ஈரத்தில் தளர்ந்து, காயும்போது சுருங்கி விறைப்பேறும் அதன் இயல்பே ஓசைக்கு அடிப்படை. எதனைத் துவர்ப்பேற்றுவது, எதனைப் பச்சையாக விடுவது என்னும் தெரிவும் அறிவின் பகுதியே.

புறநானூற்றின் இரு பாடல்கள்

கழாத்தலையார் பாடிய 288ஆம் புறப்பாட்டு, போரிட்டு வென்ற ஏற்றின் தோலை மயிர் சீவாமல் போர்த்த முரசினைக் கூறுகிறது. மயிருடன் கூடிய முகத்தையுடைய முரசு புறப்பாடல்களில் அறிமுகமான ஒன்றே. உரைகாரர்களும் பின்வந்த ஆய்வாளர்களும் இதற்குத் தரும் விளக்கம் வீரம் சார்ந்தது: வென்ற விலங்கின் ஆற்றல் முரசில் தங்குகிறது. அவ்விளக்கம் பொருந்துவதே. எனினும் பாடல் ஒரு தொழிற்குறிப்பையும் தருகிறது என்பது கவனிக்கப்படுவதில்லை. மயிர் சீவாமை என்பது சுண்ணாம்பிடாமை. தோலின் நார் காரத்தால் தளர்த்தப்படாமை. பச்சை என்னும் சொல்லே தோலுக்குப் பெயராக நிற்பதும் அத்தோலின் நிலையைச் சுட்டவே. சீவுதல் என்பது வழக்கமான படி என்றும், இங்கு அது வேண்டுமென்றே விடப்பட்டது என்றும் அறிந்த ஒருவரின் சொல்லாட்சி இது.

82ஆம் பாட்டு இன்னும் சிக்கலானது. போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடியது. மன்னன் மற்போரில் காட்டிய விரைவுக்கு, கட்டில் பின்னும் ஒருவன் கையிலுள்ள ஊசியின் விரைவு உவமையாகிறது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, ஞாயிறு இறங்குகிறது. இந்நான்கும் அவன் விரைவதற்குக் காரணங்கள் என்பதே பழைய உரை முதல் இன்றைய வகுப்பறை வரை சொல்லப்படும் விளக்கம். அவனைக் குறிக்கும் இழிசினன் என்னும் சொல்லைச் சுற்றியே சமூகவியல் ஆய்வு பெரிதும் நடந்துள்ளது. அது தேவையான ஆய்வு. ஆனால் அவன் கையில் ஊசியுடன் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்டவர் குறைவு.

ஊசி செலுத்தும் ‘போழ்’ என்பதற்குப் பழைய உரை வார் என்றே பொருள் கொள்கிறது. அந்த வார் பச்சைத்தோலாயின் நான்கு காரணங்களும் ஒரே வகையினவாக நில்லா. விழாவும் பேறும் அவன் போகவேண்டிய இடங்கள். மழையும் ஞாயிறும் அவன் கையிலுள்ள பொருளின் நிலையைத் தீர்மானிப்பவை. பச்சைத்தோல் வாரை ஈரமாக இருக்கும்போதே இழுத்துக் கட்டவேண்டும். காயும்போது அது சுருங்கிக் கட்டிலை இறுக்கும். பாதி பின்னிய கட்டில் மழையில் நனைந்தால் ஏற்கெனவே இழுத்த பகுதி தொய்யும். வெயில் போய்விட்டால் அன்று காயாது. ஈரத்தோடு இரவு முழுதும் கிடந்த வார் கெடத் தொடங்கும். ஆகவே அவனுடைய விரைவு மனத்தின் பதற்றம் மட்டுமன்று. பொருளின் பதம் தவறுமுன் முடிக்கவேண்டிய தொழிலாளியின் விரைவு. வாய்ப்பு நழுவுமுன் எதிராளியைப் பிடிக்கும் மல்லனின் விரைவுக்கு இது பதற்றத்தைவிடப் பொருத்தமான உவமை என்பதையும் எண்ணவேண்டும். பதற்றத்தில் செலுத்தும் ஊசி தவறும். இவனுடைய ஊசி தவறுவதில்லை.

இவ்வாசிப்புக்கு எதிராக ஒன்று சொல்லலாம். போழ் என்பது சங்கப் பாடல்களில் பனந்தோட்டின் கீற்றையும் குறிக்கும். கட்டில் ஓலைநாரால் பின்னப்பட்டதாயின் மேற்கூறியவற்றுள் பெரும்பகுதி வலுவிழக்கும். பழைய உரையின் துணையும், ஊசி கொண்டு செலுத்தவேண்டிய அளவு விறைப்பான இழுவையும் தோல்வாரையே சுட்டுகின்றன என்பது என் கருத்து. ஓலைக்கீற்று என வாதிடுவோரும் மழைக்கு ஒரு தொழிற்காரணம் கூறவேண்டியிருக்கும்.

ஒப்பீடு ஒன்று. இலியத்தின் பதினேழாம் பகுதியில், வீழ்ந்துபட்ட பட்ரோக்ளசின் உடலுக்காக இரு படைகளும் இழுபறி செய்யும் காட்சிக்கு ஹோமர் தோல் வேலையையே உவமையாக்குகிறார். கொழுப்பில் ஊறிய எருதின் தோலை ஆள்கள் வட்டமாக நின்று நாற்புறமும் இழுக்கின்றனர். ஈரம் வெளியேற, கொழுப்பு உள்ளே இறங்குகிறது. கிரேக்க உவமை பதனிடும் படியையே காட்டுகிறது. தமிழ் உவமை பதம் கண்ட பொருளைக் கையாளும் கையைக் காட்டுகிறது. இரு பண்பாடுகளிலும் புலவர் போரைச் சொல்லத் தோல்வினைஞரிடம் சென்றுள்ளார். கீழாக மதிக்கப்பட்ட தொழிலைக் கூர்ந்து நோக்காமல் இவ்வுவமைகள் பிறந்திரா. பின்னைய நம் எழுத்தில் அக்கூர்மை அரிதாகிவிட்டது.

பட்டியலும் அறிக்கையும்

எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் தென்னிந்தியச் சாதிகளை அகரவரிசையில் அடுக்குகின்றன. இன்று அருந்ததியர் என வழங்கும் சமூகத்தைப் பற்றிய பதிவில், அவர்கள் ஆவாரஞ்செடியை மிகவும் போற்றுவதும், திருமணத்திற்கு முன்னோடியாக அதன் கிளையில் தாலி கட்டுவதும் குறிக்கப்படுகின்றன. இக்குறிப்பு திருமண வழக்கம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் ஆவாரை இல்லையேல் தோல் இல்லை. தோல் இல்லையேல் கிணற்றிலிருந்து நீர் இல்லை. ஒரு குடும்பம் தன் வாழ்வாதாரச் செடியின் முன்னிலையில் மணவாழ்வைத் தொடங்குவது, உழவர் ஏரை வணங்குவதைப் போன்ற செயல். பட்டியலின் தலைப்புகள் தொழிலையும் சடங்கையும் வெவ்வேறு அறைகளில் இட்டதால் இத்தொடர்பு வாசகரே கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று. தர்ஸ்டனை இன்றும் மேற்கோள் காட்டும் நம் ஆய்வேடுகள் அந்த அறைப் பிரிவினையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன.

ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னை மாகாணத் தோல் தொழிலைப் பற்றி 1904இல் எழுதிய தனிவரைவு நூல் வேறு வகையினது. குரோமிய உப்பால் பதனிடும் சோதனைகளை அதற்கு முந்தைய ஆண்டில் சென்னையில் தொடங்கியிருந்தவர் அவர். பட்டை வாரக்கணக்கில் செய்வதைக் குரோமியம் ஓரிரு நாளில் செய்யும். பச்சைத்தோல் நீரில் 60 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சுருங்கத் தொடங்கும். பட்டையிட்ட தோல் 75 முதல் 85 பாகை வரை தாங்கும். குரோமியத் தோல் கொதிநீரையே தாங்கும். இந்த அளவீடுகளின் முன் சிற்றூர் முறை குறைபாடுகளின் தொகையாகத் தோன்றுவது இயல்பே. ஒருபுறம், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த ‘கிழக்கிந்தியத் தோல்’ சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் பெருமளவில் சென்றது. மறுபுறம், அதே ஆவாரையைக் கொண்டு வீட்டில் செய்வது பழுதெனப்பட்டது. இரண்டுக்கும் வேதியியல் ஒன்றே. தொட்டியின் அளவும் உடைமையும் வேறு.

கிணறும் தோலும்

வீட்டுத் தொழில் மறைந்ததற்குக் குரோமியத்தை மட்டும் காரணமாக்குவது பிழை. அதன் பெரிய வாடிக்கையாளர் கமலை இறைத்த கிணறு. எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் வந்தபின் தோற்பை, வடம், சாலின் தோல் வால் ஆகியவற்றுக்குத் தேவை அற்றது. இரப்பர் செருப்பு எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது. பச்சைத்தோல் மண்டிக்குச் சென்றது. பதனிட்டவர் தொழிற்சாலைக்குச் சென்றார்.

அந்தத் தொழிற்சாலையின் கதையே டி. செல்வராஜின் ‘தோல்’ (2010). 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவல், விடுதலையை ஒட்டிய காலத்துத் திண்டுக்கல் தோல் தொழிலாளரின் அடிமைநிலையையும் அவர்கள் சங்கமாகத் திரண்டதையும் கூறுகிறது. இதில் தோல் வேலை தொழிலாளியின் உடலுக்கு நேரும் கேடாகவே வருகிறது: சுண்ணாம்பு, நாற்றம், புண். ‘தோல்’ என்னும் தலைப்பே விலங்கின் தோலையும் மனிதத் தோலையும் ஒருங்கே சுட்டுவது. தொழில்நுட்பத்தை நாவல் அறிவாகக் காட்டவில்லை எனச் சிலர் குறைகூறக்கூடும்; அக்குறை எனக்கு உடன்பாடன்று. தொழிற்சாலைத் தொட்டியில் நிற்பவர் தோலின் உடைமையாளர் அல்லர். எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவரும் அல்லர். வீட்டில் ஒரே கையில் இருந்த உழைப்பும் பதமறிதலும் இங்குப் பிரிந்துவிட்டன. உழைப்பு மட்டும் எஞ்சிய இடத்தில் தோல் பகைப்பொருளாகத்தானே தோன்றும்? தொழிலாளி இழந்தவற்றுள் பதமறியும் உரிமையும் ஒன்று என்பதை நாவல் எடுத்துரைத்திருக்கலாம் என்ற அளவில் மட்டுமே என் மனக்குறை.

பதிவும் மறுப்பும்

அண்மைக்கால ஆய்வுகளில் இத்தொழில் ‘மரபு அறிவு’ என்றும் ‘சூழலுக்கு உகந்த முறை’ என்றும் புகழப்படுவதைக் காண்கிறோம். பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்புக்குப்பின் இப்புகழ்ச்சிக்கு ஒரு பின்னணியும் உண்டு. ஆயினும் இரு செய்திகளை மறைக்கக்கூடாது. பட்டை முறையிலும் உப்பும் சுண்ணாம்பும் துவர்நீரும் வெளியேறுகின்றன. வீட்டளவில் அது பெருங்கேடாகத் தோன்றாமைக்குக் காரணம் தோல்களின் எண்ணிக்கை குறைவு என்பதே. அந்தச் சிறு கேட்டையும் ஊர்ப்புறத்தே வாழ வைக்கப்பட்டவர்களே தாங்கினர்.

மற்றது இதனினும் முதன்மையானது. 1934இல் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் சிற்றூர்த் தோல் பதனிடுதலைப் பற்றி எழுதி, அதனைத் தூய்மையும் வருவாயும் உடைய கைத்தொழிலாக மீட்கவேண்டும் என்றார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே மகாடில் அம்பேத்கர், செத்த விலங்கின் ஊனை உண்பதையும் இழிவெனச் சுமத்தப்பட்ட ஊர்க்கடமைகளையும் கைவிடுமாறு தம் மக்களிடம் கூறியிருந்தார். செத்த மாட்டை இழுப்பதை விட்டால் தோலாலும் கொம்பாலும் வரும் வருவாய் போய்விடுமே என எழுந்த வாதத்தை 1956 அக்டோபர் நாக்பூர் உரையில் அவர் நினைவுகூர்ந்து, அப்படியானால் அவ்வருவாயை வாதிடுவோரே எடுத்துக்கொள்ளலாமே எனத் திருப்பிக் கேட்டார். தமிழகத்திலும் மாட்டை அப்புறப்படுத்தவும் சாவுக்குப் பறையடிக்கவும் மறுத்த போராட்டங்கள் பல. தொழிலைக் கைவிட்டதும் ஒரு தீர்ப்பே; பதமறிந்த அதே மக்கள் வழங்கிய தீர்ப்பு. ‘அழிந்துவரும் அரிய கலை’ என்று வருந்தும் ஆய்வுரை அதனைக் கேட்க மறுக்கிறது. கள ஆய்வில் முதியவர் ஒருவர் இம்முறையைச் சொல்லத் தயங்கினால் அது தரவின் இடைவெளி அன்று, தரவே அதுதான். சொல்ல முன்வருபவரிடம் படிகளின் எண்ணிக்கையைக் கேட்பதைக் காட்டிலும், எடுக்கும் வேளையை எவ்வாறு அறிந்தீர்கள் எனக் கேட்பது பயன் தரும்.

இந்தக் கேள்வியைக் கேளாமையின் விளைவைப் பறை பற்றிய கட்டுரைகளில் காணலாம். ‘பதனிடப்பட்ட மாட்டுத்தோல்’ என்னும் தொடர் அவற்றில் வழக்கமாக வருகிறது. அது துவர்ப்பேற்றிய தோலைக் குறிக்குமாயின் பிழை. பறைக்கு உரியது மயிரும் ஊனும் நீக்கி உலர்த்திய கன்றுத்தோல். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்படுவது. பட்டைச்சாறு ஏறிய தோல் மெத்தென்றாகி அதிர்வை விழுங்கிவிடும். பச்சைத்தோலாக இருப்பதனால்தான் காற்றின் ஈரத்தில் அது தளர்கிறது. அதனால்தான் அடிப்பதற்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சவேண்டியிருக்கிறது. அதிகம் காய்ந்தால் பிளக்கும். குறைந்தால் ஒலி மந்தமாகும். அடிப்பவர் ஒரு தட்டுத் தட்டிக் கேட்டு, மீண்டும் தீயருகே கொண்டுசெல்கிறார்.